கீழே ஒரு ஷவர்

எங்கள் கான்ட்ராக்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நாளைக்காரர். சிமென்ட் எப்போது வரும் என்றால் நாளைக்கு. ஜன்னல் எப்போது வரும் என்றால் நாளைக்கு. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று போனில் கேட்டால் அதற்கும் நாளைக்கு. அப்படிப்பட்ட மனிதர் அன்று காலையில், சமையலறைக்குப் பின்னால் தோண்டிப் போட்டிருந்த மண் தரையில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "இன்னிக்கே சொல்லிடணும் மேடம்" என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"மாசக்கணக்கா நாளைக்கு நாளைக்குன்னு ஓட்டினது நீங்க. நான் ஒரு நாள் யோசிக்கக் கூடாதா?"

"யோசிங்க, யார் வேண்டாம்னா? ஆனா காங்கிரீட் வண்டி கிளம்பிடுச்சு. ஷவர்னா தரைக்கு அடியில பைப் ஒரு பக்கம் போகணும். யுடிலிட்டி ரூம்னா வேற பக்கம். இறுகினப்புறம் வந்து மாத்துங்கன்னா நான் உடைக்கத்தான் முடியும்."

விஷயம் இதுதான். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்க எங்களுக்கு ஒரு யுடிலிட்டி ரூம் இருக்கிறது. ரூம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். வாஷிங் மெஷின் கதவைத் திறந்தால் ரூம் கதவை மூட முடியாது. ரூம் கதவை மூடினால் உள்ளே மனுஷி நிற்க முடியாது. துணியை வெளியே எடுக்க நான் சமையலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, மாட்டு டாக்டர் கன்றை இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு டயர் கடையில் வேலை. அவர் சட்டை ஊறின தண்ணீரைப் பேனாவில் ஊற்றி எழுதலாம். எனக்குப் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை, ஏப்ரன் முழுக்க எண்ணெய். மகள் கல்லூரியில் கால்பந்து ஆடுகிறாள். சேற்றில் விழாமல் ஆடுவது எப்படி என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. மழை பிடித்துக்கொண்டால் இத்தனையும் மாடிப்படிக் கைப்பிடியிலும் நாற்காலி முதுகிலும்தான் காயும். வந்தவர்கள் உட்கார்ந்து எழுந்தால் முதுகில் ஒரு சாக்ஸைச் சுமந்துகொண்டு போவார்கள்.

இப்போது பின்பக்கம் கொஞ்சம் இடம் சேர்த்துக் கட்டுகிறோம். அந்த இடத்தில் யுடிலிட்டி ரூமைப் பெரிதாக்கலாம். இல்லையென்றால் அந்தப் பொந்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஷவர் ரூம் போடலாம். இரண்டுக்கும் இடமில்லை. மெஷினையும் ஷவரையும் ஒரே ரூமில் வைத்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். கரண்டும் தண்ணீரும் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நாளைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் நகை கேட்டதில்லை, நட்டு கேட்டதில்லை. கேட்டதெல்லாம் பெரிய யுடிலிட்டி ரூம் ஒன்றுதான். ஆழமாக ஒரு தொட்டி, துணி மடிக்க நீளமாக ஒரு மேஜை, கூரையில் குறுக்கே ஒரு கம்பி. படுத்தால் கண்ணுக்குள் அந்தக் கம்பி வரும். அப்படிப்பட்ட நான்தான் ஷவர் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். காரணம் என் அக்கா.

அக்கா பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒரு கேள்விக்கு ஒரு பதில், அப்புறம் "அடுத்து". வீட்டிலும் அதே பேச்சுதான். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து லிஃப்ட் இல்லாத ஒரு கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். இடுப்பு தேய்ந்துவிட்டது, கையில் தடி. இந்த லட்சணத்தில் குளிக்க வேண்டுமென்றால் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் அந்தத் தொட்டியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். என்னிடம் சொன்னது, "கால்ல லேசாச் சுளுக்கு." முழுக் கதையைச் சொன்னது அவளுடைய கீழ்வீட்டுக்காரி. மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழாயை யாரோ தட்டிட்டே இருக்கற சத்தம் கேட்டுச்சு. மேல போய்ப் பாத்தா உங்க அக்கா. தண்ணி ஆறிப் போச்சு, எந்திரிக்க முடியல, உதடெல்லாம் நீலம். கூப்பிட்டிருக்கலாமேன்னா, யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாத்தேங்கறாங்க." வாங்கின காய்கறியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் கீழே முன் ரூம் சும்மாதான் கிடக்கிறது. அக்கா அங்கே வந்து இருக்கட்டும். ஆனால் எங்கள் குளியலறை மாடியில். அவளால் மாடி ஏற முடியாது. கீழேயே, தரை மட்டத்தில், உட்கார்ந்து குளிக்கிற மாதிரி ஒரு ஷவர் இருந்தால் அக்கா வரலாம். இல்லாவிட்டால் அந்த மூன்றாவது மாடியில் இன்னொரு தடவை விழுவாள், அப்போது கீழ்வீட்டுக்காரி ஊரில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. யுடிலிட்டி ரூமை மனசுக்குள் தலைமுழுகிவிட்டேன்.

இதை நேராகப் போய் அக்காவிடம் சொன்னால் முடிந்துபோகிற விஷயம்தானே என்று தோன்றும். எங்கள் குடும்பத்தை உங்களுக்குத் தெரியாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பரம்பரை. யாரும் யாரையும் எதையும் நேராகக் கேட்க மாட்டோம். கேட்டு, எதிராளி இல்லையென்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்ப்பது? எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பிடித்திருக்கிறதா என்று அக்காவை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, "அந்தக் கடையில மாட்டின டயர் ரோட்டுல கழண்டதா நான் கேள்விப்பட்டதில்ல" என்றாள். கல்யாணம் முடிவாகிவிட்டது.

ஆகவே என் திட்டம் இப்படி. ஷவரைக் கட்டிவிடுவது. முன் ரூமில் நல்ல கட்டிலாக ஒன்று போட்டு, அவள் தனியாக இருந்து பழகினவள் என்பதால் கதவுக்கு ஒரு பூட்டும் மாட்டிவிடுவது. ஒரு நாள் அக்கா வருவாள், "ரூம் காத்தோட்டமா இருக்கே" என்பாள், "அப்ப இருந்துட்டுப் போ" என்பேன் நான். யாரும் கேட்டதாகவும் இருக்காது, யாரும் மறுத்ததாகவும் இருக்காது. வீட்டில் எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: ஷவர் அவளுக்கு என்று மூச்சு விடக் கூடாது.

"அப்ப யாருக்குன்னு கேட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"எதையாவது சொல்லுங்க."

என் வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பின்பக்கம் சுவர் எங்கே, ஷவர் எங்கே என்று நாளைக்காரர் இன்னும் தோண்டாத சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். தடியை ஊன்றிக்கொண்டு கோட்டைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஷவர் ரூம்" என்றேன்.

"யாருக்கு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். "எனக்கு அண்ணி, முழங்கால் வலி, மாடி ஏறவே முடியல" என்றார் அவர். "என் டீம் பொண்ணுங்களுக்கு பெரியம்மா, சேத்தோட வருவாங்க" என்றாள் மகள். "வர்றவங்க போறவங்களுக்கு" என்றேன் நான். ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு மூன்று ஊருக்குப் போக வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி அக்கா எங்களைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மாடியில் போன் அடித்தது. முழங்கால் வலிக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார்.

"முழங்கால் நல்லாயிருக்கு" என்றாள் அக்கா.

பிறகு முன் ரூமை எட்டிப் பார்த்தாள். புதுக் கட்டில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை.

"கட்டில் புதுசு."

"ஆமா."

"கதவுக்குப் பூட்டு வேற."

"ஆமா."

காத்தோட்டமா இருக்கே என்று சொல்லப் போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பின்பக்கம் வந்தாள். சாக்பீஸ் கோட்டைத் தடியால் தட்டினாள்.

"ஷவர் என்னத்துக்கு? யுடிலிட்டி ரூமைப் பெருசாக்கு."

எனக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. "யுடிலிட்டி ரூம் இருக்கே" என்றேன், எந்த மனசோடு சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"அதுவா ரூம்? மெஷினுக்கு ஒரு சட்டை போட்டு விட்ட மாதிரி இருக்கு. உனக்குத்தான் சொல்றேன். நாற்காலியில உக்காந்தா ஈரம், படியில கை வச்சா ஈரம். எத்தனை வருஷமாப் புலம்பற?"

"நான் எப்பப் புலம்பினேன்?"

"நேத்து."

அதற்குமேல் நடந்ததை என்னவென்று சொல்ல. என் கனவை அவள் எடுத்து வைத்துப் பேசுகிறாள், அவளுக்கு வேண்டியதை நான் எடுத்து வைத்துப் பேசுகிறேன். ஒரு தொட்டியின் ஆழம்வரை அவள் சொல்கிறாள், குறுக்கே ஒரு கம்பி என்று அவள் கையை உயர்த்திக் காட்டுகிறாள், எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. அதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று நான் அடித்துப் பேச வேண்டியிருக்கிறது. ஷவருக்குப் போதுமான இடம்தான் என்று நிரூபிக்க வீட்டுக்காரரைப் பிடித்து அந்தக் கோட்டுக்குள் நிறுத்தினேன். அவர் சட்டையோடு நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத சோப்பைத் தலையில் தேய்த்தார். மகள் ஷவருக்குப் பதிலாக மேலே குவளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேய்த்த வேகத்தில் அவர் முழங்கை நிஜச் சுவரில் இடித்தது. "அம்மா" என்று முனகினார்.

"நிமிந்து குளிக்கவே இடமில்ல" என்றாள் அக்கா.

"உக்காந்து குளிக்கலாமே" என்றேன், அவசரத்தில்.

"முழங்கால் வலிக்காரரை உக்கார வச்சா யார் தூக்கி விடுவா?"

அவள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தான். கிளம்பும்போது முன் ரூம் வாசலில் மறுபடி நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. "இதை வாடகைக்கு விட்டா நல்லாப் போகும்" என்றாள்.

இத்தனை பாடு பட்டும் காத்தோட்டம் என்ற வார்த்தை வரவில்லையே என்ற எரிச்சலில் இருந்தேன். "ஆமா, நல்லாப் போகும்" என்று வெடுக்கென்று சொன்னேன். அவளைக் கொண்டுவிட வீட்டுக்காரர் எடுத்த காரில் ஏறி உட்கார்ந்த அக்கா கையைக்கூட ஆட்டவில்லை.

அதற்கப்புறம் தினமும் போன். எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு. "மாப்பிள்ளை, அவ பாவம், துணியோட மல்லுக்கட்டியே ஓஞ்சு போயிட்டா. யுடிலிட்டி ரூமையே போடுங்க." மகளுக்கும் போன். "உங்கம்மா சொல்றதைக் கேக்காதே, அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்கே தெரியாது." நாளைக்காரரின் நம்பரைக்கூட எங்கிருந்தோ பிடித்துவிட்டாள். ஷவர் போட்டால் தரை ஊறி வீடு இறங்கிவிடுமா என்று அவரிடம் விசாரித்திருக்கிறாள். அவர் என்னிடம் வந்து, "உங்க அக்கா எங்க என்ஜினியரா இருந்தாங்க?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு நாள் கீழ்வீட்டுக்காரி கையில் துணி காயப்போடும் பெரிய ஸ்டாண்ட் ஒன்றை அக்கா கொடுத்தனுப்பினாள். புதுசு. புது யுடிலிட்டி ரூமுக்காம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. விளங்கியதாக நினைத்தேன். ஷவர் அவளுக்குத்தான் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டாள். எங்களோடு வந்து இருக்க அவளுக்கு இஷ்டமில்லை. அதை எங்கள் குடும்ப வழக்கப்படி சுற்றி வளைத்துச் சொல்கிறாள்.

"வர மாட்டேங்கறா" என்றேன் வீட்டுக்காரரிடம். "அந்த மூணாவது மாடியில விழுந்து கிடந்தாலும் கிடப்பா, தங்கச்சி வீட்டுக்கு வர மாட்டா."

"ஒரு தடவை நேரா கேட்டுடேன்."

"கேட்டு இல்லைன்னுட்டா?"

"இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சிடும்ல."

"தெரிஞ்சு? அதுக்கப்புறம் நான் அவ வீட்டுப் படி ஏறணுமா வேண்டாமா?"

"நீ சொல்றதும் சரிதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மதில்மேல் பூனை. எந்தப் பக்கமும் குதித்ததில்லை. நான் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தேன். கோபம் கோபமாக வந்தது. கோபம் என்று சொல்லிக்கொண்டேன், அழுகைதான்.

இந்த நிலைமையில்தான் நாளைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்றைக்கே சொல்லணும் என்று நின்றது.

"யுடிலிட்டி ரூம்" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம். ஷவர் கேக்க யாருமில்ல இந்த வீட்டுல."

உள்ளே போய் அக்காவுக்குப் போன் போட்டேன். "உன் ஆசைப்படியே ஆச்சு. யுடிலிட்டி ரூம்தான். காங்கிரீட் வருது" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை. வெங்காயத்தை எடுத்துப் போட்டு நறுக்கினேன். சமைப்பதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே நறுக்கிவிட்டேன். பின்னால் நாளைக்காரரும் அவருடைய ஆள் ஒருவரும் பைப்பைப் புதைத்து மூடினார்கள். வண்டி வந்தது. காங்கிரீட் குழைவாகக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

வாசலில் டாக்ஸி. பார்த்தால் அக்கா இறங்குகிறாள். அவசியமில்லாமல் டாக்ஸியில் ஏறுகிறவள் இல்லை அவள். உள்ளே வந்தவள் நாற்காலியைச் சமையலறைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டு, முதுகில் தொங்கிய ஏப்ரனை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கொட்டுகிற காங்கிரீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. எனக்கு இன்னும் எரிந்தது.

"நல்ல முடிவு" என்றாள். "நாளைக்கே கம்பி மாட்டச் சொல்லு."

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்தேன்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். துணி காய இடமாச்சு." மடியில் இருந்த ஏப்ரனை நீவிவிட்டாள். "குளிக்க இடமில்லாத ரூமை இனி எவன் வாடகைக்கு எடுப்பான்? அது பாட்டுக்குக் காலியாக் கிடக்கும்."

கத்தி நின்றது. "எந்த ரூமை?"

"முன் ரூமைத்தான்."

"அதை யார் வாடகைக்கு விடறா?"

"நீதான். புதுக் கட்டில், புதுப் பூட்டு, இப்ப தனியா ஷவர். யாருக்குன்னு கேட்டா மூணு பேரும் மூணு பொய். கவுன்டர்ல எத்தனை பொய் மூஞ்சியைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அப்புறம் நானே வாய்விட்டுக் கேட்டேன். ஆமா, நல்லாப் போகும்னு சொன்ன."

"கோவத்துல சொன்னேன்."

"கோவம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எப்பவும் அப்படித்தான் பேசற."

"சரி, வாடகைக்கே விடறேன்னு வச்சுக்கோ. உனக்கு என்ன வந்துச்சு?"

அக்கா மடியில் இருந்த ஏப்ரனைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். கவுன்டரில் அவளுக்கு ஒரு பதிலுக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கவே ஆகாது.

"ரூம் காலியா இருந்தா என்னிக்காவது நீ கூப்பிடுவேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். "ஆள் வந்துட்டா அதுக்கும் வழியில்லாமப் போயிடும்ல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவள் தடுக்கப் பாடுபட்டது ஒரு வாடகைக்காரனை. அவளுக்காகக் கட்ட இருந்த ஷவரை அவளே என்னென்னவோ சொல்லிக் கெடுத்திருக்கிறாள், நான் வீம்புக்கு அதன்மேல் காங்கிரீட்டைக் கொட்டச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கூத்து வேறு எந்த வீட்டிலாவது நடக்குமா?

"அந்த ஷவரே உனக்குத்தான்" என்றேன். "கட்டிலும் உனக்குத்தான். பூட்டும் உனக்குத்தான். நீ தொட்டியில விழுந்து கிடந்தது எனக்குத் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு காங்கிரீட்டைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே நான் பின்வாசலுக்கு ஓடினேன். மட்டப் பலகையோடு குனிந்திருந்த நாளைக்காரர் நிமிர்ந்தார். டயர் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரரும், அவருக்குப் பின்னால் மகளும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

"இப்ப நிறுத்துங்கன்னா என்ன மேடம் அர்த்தம்? முக்கால்வாசி போட்டாச்சு."

"ஷவர் வேணும்."

"யாருக்குமே வேண்டாம்னு காலையில நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப வேணும்."

அவர் பலகையைக் கீழே வைத்தார். பாவம், அவருக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை இருக்கிறது. "இன்னும் இறுகல. மண்வெட்டி போட்டு வாரிட்டுப் பைப்பை மாத்திடலாம். ஆனா இதுதான் கடைசி. வாரினப்புறம் மறுபடி யுடிலிட்டி ரூம்னீங்க, நான் இந்த வேலையே வேண்டாம்னு போயிடுவேன். நல்லா யோசிச்சு ஒரே வார்த்தை சொல்லுங்க. நாளைக்குச் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீங்க."

ஒரே வார்த்தை. அந்த வார்த்தை என்னிடம் இல்லை, அக்காவிடம் இருந்தது. நான் திரும்பினேன். வெங்காயக் கையை முந்தானையில் துடைத்தேன். என் வாழ்நாளில் யாரிடமும் இப்படி நேராக எதையும் கேட்டதில்லை.

"அக்கா, எங்ககூட வந்து இருக்கியா?"

"வேண்டாம்" என்றாள்.

பட்டென்று சொன்னாள். யோசிக்கவே இல்லை. "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு. நான் அங்கயே இருந்துக்கறேன்."

இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடந்தே விட்டது. "பாத்தீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் பாய்ந்தேன். "நேரா கேளு, நேரா கேளுன்னீங்களே. இதுக்குத்தான் நான் கேக்கல." நாளைக்காரர் பெருமூச்சு விட்டுப் பலகையை மறுபடி எடுத்தார். சரக் என்று ஒரு இழுப்பு இழுத்தார். ஈரக் காங்கிரீட் மட்டமாகப் பளபளத்தது.

"ஒரே தடவையோட விட்டுட்ட" என்றாள் அக்கா.

"என்ன?"

"ஒரு தடவை கேட்ட, வேண்டாம்னேன், விட்டுட்ட." குரல் உடைந்திருந்தது, ஆனால் பேச்சில் அதே கடுகடுப்பு. "வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தண்ணி குடுத்தாக்கூட முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. உடனே செம்பை உள்ள எடுத்துட்டுப் போயிடுவியா? எடுத்த எடுப்புல சரின்னு சொல்ல எனக்கு என்ன, மானம் ரோஷம் இல்லையா?"

வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து லேசாக முன்னால் தள்ளினார். பூனை ஒருவழியாக ஒரு பக்கம் குதித்தது. நான் போய் அக்காவின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கண்ணிலும் மூக்கிலும் ஊற்றிக்கொண்டிருந்தது, வெங்காயத்தின்மேல் பழி போட வழியில்லை.

"எங்ககூட வந்து இருக்கியாடி?" என்றேன். அக்காவை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பார்த்து, கவுன்டர் குரலில், "ஏன் தம்பி, வேடிக்கை பாத்துட்டு நிக்கறீங்க?" என்றாள் நாளைக்காரரிடம். "இறுகறதுக்குள்ள வாருங்க."

நாளைக்காரர் மண்வெட்டியை எடுத்தார். அவருடைய ஆள் எடுத்தார். வீட்டுக்காரர் டயர் கடைச் சட்டையோடு இறங்கினார். கூப்பிடாமலே மகளும் கால்பந்து சாக்ஸோடு உள்ளே குதித்து முழங்கால்வரை புதைந்தாள். கொட்டி வைத்திருந்த என் யுடிலிட்டி ரூம் வாளி வாளியாக வெளியே போனது. தொட்டி போனது, மேஜை போனது, கம்பி போனது. சட்டை, சாக்ஸ், தலைமுடி என்று ஒன்று பாக்கியில்லாமல் சிமென்ட் தெறித்தது. அழுகையை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை, கத்தினேன்.

"இந்தத் துணியையெல்லாம் அந்தப் பொந்துக்குள்ள உக்காந்து யார் துவைக்கறது?"

அக்கா தடியை ஊன்றி எழுந்து, மெஷின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் கத்தற?" என்றாள். "இனிமே நான்தான் இருக்கேனே."